போன வருஷத்துக்கு மேல் ஒரு குழாய்

கண்ணுகளா, நாலு பேருக்கு உலை வைத்த வீட்டுக்குத் திடீரென்று பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் அந்த வீட்டு அம்மா என்ன செய்வாள்? அதே நாலு பேர் அரிசியையா போடுவாள்?

ஒரு காட்டில் போட்டார்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

அந்தக் காட்டின் மலையடிவாரத்தில் விலங்குகளும் பறவைகளும் சேர்ந்து ஒரு பட்டணம் வைத்திருந்தன. வற்றாத ஒரு சுனை, நாற்பது குடும்பங்கள், குகைக்குள் ஒரு பொதுக் களஞ்சியம். ஒவ்வொரு குடும்பமும் தனக்குக் கிடைத்த தானியத்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் கொட்டும். பாதை போடுகிறவருக்கும் பாலம் கட்டுகிறவருக்கும் அதிலிருந்துதான் மூங்கில் குழாயால் அளந்து கொடுப்பார்கள்.

சபைக்குத் தலைவர் கடம்பன் என்ற காட்டெருமை. பெரிய உடம்பு, இளகிய மனசு. யார் என்ன கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல அதற்கு வாய் வராது.

களஞ்சியத்துக்குப் பொறுப்பு வேலம்மாள் என்ற முள்ளம்பன்றி. ஒரு மணி சிந்தினால்கூடக் குனிந்து எடுக்கிற ரகம்.

வருஷத்துக்கு ஒருமுறை, கோடை முடிகிற சமயத்தில் பங்கீட்டு நாள் வரும். வருகிற வருஷத்தில் எந்த வேலைக்கு எத்தனை குழாய் என்று அன்று சபை கூடிப் பேசி முடிக்கும். பேசி முடிக்கும் என்றேனே தவிர, பேச்சே இருக்காது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. போன வருஷம் ஒரு வேலைக்கு எத்தனை குழாய் கொடுத்தார்களோ, அதற்கு மேல் ஒரு குழாய். அவ்வளவுதான்!

எப்போதோ பங்கு பிரிக்கிற சண்டையில் ஒரு காட்டுப்பன்றிக்குப் பல் உடைந்து போயிற்றாம். அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது. யாருக்கும் குறையாது, யாருக்கும் கோபம் வராது. வெயில் ஏறுவதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

இப்படி இருக்கும்போது, மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் தீப்பிடித்தது. அங்கிருந்த சருகுமான்கள், முயல்கள், மரநாய்கள் எல்லாம் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தன. எண்பது குடும்பங்கள்!

பட்டணம் அவர்களை விரட்டவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"வாருங்கள், வாருங்கள். நீங்கள் எங்கள் விருந்தாளிகள்" என்றது கடம்பன். ஓடைக்கு அந்தப் பக்கம் இடம் கொடுத்தார்கள். "நீங்கள் களஞ்சியத்தில் ஒரு மணிகூடக் கொட்ட வேண்டாம். தினமும் மாலையில் வந்து ஒரு வேளை உணவை வாங்கிக்கொண்டு போங்கள். விருந்தாளியிடம் வாங்குவது எங்களுக்கு அழகில்லை."

விருந்தாளிகளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. சபையில் வந்து எதையும் கேட்கக் கூடாது.

ஒரு மழை போயிற்று. இரண்டு மழை, மூன்று மழை போயிற்று. குட்டிகள் வளர்ந்து அவற்றுக்குக் குட்டிகள் வந்தன. விருந்தாளிகள் மட்டும் விருந்தாளிகளாகவே இருந்தார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் செவந்தி என்று ஒரு சருகுமான் இருந்தது. சருகுமான் பார்த்திருக்கிறீர்களா? முயலைவிடக் கொஞ்சம் பெரிது. குச்சி மாதிரி நாலு கால். அதன் குட்டிக்கு மொச்சை என்று பெயர்.

பங்கீட்டு நாளுக்கு முந்தின மாலை, உணவு வாங்கி வரும்போது மொச்சை ஓடைக்கல்லில் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டது. நல்ல வேளை, தாழம்புதர் தடுத்தது. செவந்தி அதன் காதைக் கவ்வி இழுத்துக் கரையேற்றியது.

கோடையில், முழங்கால் தண்ணீரிலேயே இந்தக் கதி. மழை வந்தால்?

காலையில் செவந்தி உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு கிளம்பியது.

"எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று கேட்டது அதன் கணவன் குன்றன்.

"சபைக்கு."

"கேட்கக் கூடாது என்று தெரியுமா தெரியாதா? கேட்டால் இருக்கிற இடமும் போய்விடும்!"

"நான் கேட்கவா போகிறேன்? நன்றி சொல்லப் போகிறேன்."

"நன்றியா! நேற்றுப் பிள்ளை தண்ணீரோடு போகப் பார்த்தான். நீ நன்றி சொல்லப் போகிறாயா? நன்றாக இருக்கிறது!"

"மூன்று வருஷம் சோறு போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் மட்டும் நன்றாகவா இருக்கும்? நீங்கள் கிழங்கு தோண்டி வையுங்கள். பெரிய பாறையைத் துடைத்து இலை போடுங்கள். இன்றைக்கு ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

குன்றனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கிழங்கு தோண்டப் போயிற்று. நல்ல கணவன்.

சபை அப்போதுதான் கூடியிருந்தது.

"ஆடுகளத்துக்கு?" என்று கேட்டது கடம்பன்.

"போன வருஷம் முப்பது. இந்த வருஷம் முப்பத்தொன்று" என்றது மயில், தோகையை ஒருமுறை விரித்து மூடி.

"பாலத்துக்கு?"

கருமந்தி சடையன் எழுந்தது. பட்டணத்தின் கொடிப் பாலத்தைக் கட்டிக் காப்பது அதன் வேலை. "பாலம் கல்லு மாதிரி இருக்கிறது. போன வருஷம் நாற்பது. இந்த வருஷம் நாற்பத்தொன்று."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"கொஞ்சம் இருங்கள்" என்றது வேலம்மாள். "களஞ்சியத்தில் இருப்பது முந்நூறு குழாய். எல்லோருக்கும் ஒவ்வொன்று கூட்டினால் முந்நூற்றுப் பதினேழு வருகிறது. அந்தப் பதினேழை என் முதுகில் இருந்து பிடுங்கிக் கொடுக்கட்டுமா?"

"ஏதாவது பார்த்துச் செய், வேலம்மா" என்றது கடம்பன். இப்படித்தான் அது எப்போதும் சொல்லும்.

"இதற்கு இத்தனை யோசனையா?" என்றது மயில். "விருந்தாளிகளுக்குக் கொடுப்பதில் பதினேழு குழாயைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது. அவர்கள் வந்து கேட்கவா போகிறார்கள்?"

கடம்பன் சுற்றிலும் பார்த்தது. மறுத்துப் பேச யாரும் இல்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தது.

"ஐயா!" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் செவந்தி நின்றுகொண்டிருந்தது.

"அதெல்லாம் முடியாது! விருந்தாளி வந்து கேட்கக் கூடாது!" என்று குதித்தது அணில். அதற்கு எல்லாவற்றிலும் அவசரம்.

"கேட்கத்தானே தம்பி கூடாது? நன்றி சொல்லலாம் இல்லையா?"

அணில் கடம்பனைப் பார்த்தது. கடம்பன் வேலம்மாளைப் பார்த்தது. "நன்றி சொல்லக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை" என்றது வேலம்மாள்.

செவந்தி உள்ளே வந்தது.

"ஐயா, நாங்கள் தீயில் இருந்து ஓடி வந்தபோது எங்கள் உடம்பு முழுக்கச் சாம்பல். யார் என்று கேட்காமல் இடம் கொடுத்தீர்கள். வேலம்மாள் அக்கா, நீங்கள் ஒரு நாள்கூட எங்கள் அளவைக் குறைத்ததில்லை. மயில் அண்ணே, நீங்கள் ஆடும்போது எங்கள் பிள்ளைகள் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு வீட்டில் அதே மாதிரி ஆடுகிறார்கள். சடையன் அண்ணே, தினமும் உங்கள் பாலத்தில் நடந்துதான் வருகிறோம். ஒரு கொடி அவிழ்ந்ததில்லை, ஒரு மூங்கில் விலகியதில்லை. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கண்ணுகளா. கேட்ட எல்லோருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. மயிலுக்குத் தோகை தானாக விரிந்தது. சடையன் மட்டும் ஏனோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூன்று வருஷம் உங்கள் கையால் சாப்பிட்டோம். இன்று ஒரு வேளை எங்கள் கையால் சாப்பிட வாருங்கள். கிழங்கு வெந்துகொண்டிருக்கிறது" என்றது செவந்தி.

விருந்துக்குக் கூப்பிட்டால் கடம்பனுக்கு மறுக்கத் தெரியுமா? "அதற்கென்ன, போவோம்! பங்கீட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்து முடிக்கலாம். சடையன் பாலத்தில் ஏறினால் நொடியில் போய்விடலாம்."

"இந்த வெயிலிலா?" என்றது சடையன். "நாளைக்குப் போகலாமே."

"மர நிழல்தானே வழி முழுக்க."

"எனக்கு வயிறு சரியில்லை."

"அப்படியானால் கிழங்கை நான் தின்றுகொள்கிறேன், நீ சும்மா வா" என்று அணில் அதன் வாலைப் பிடித்து இழுத்தது.

கிளம்பினார்கள். கொஞ்ச தூரத்தில் பாலம் வந்தது. அடேயப்பா, என்ன பாலம்! இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே முறுக்கி முறுக்கிக் கட்டிய கொடிகள். வரிசை பிசகாமல் மூங்கில். கைப்பிடியில் காட்டு மல்லிகைகூடச் சுற்றியிருந்தது. கடம்பன் ஏறி நடந்தும் அசையவில்லை.

பாதி வழியில் அணில் கீழே எட்டிப் பார்த்தது. கீழே புல் இருந்தது. ஒரு புற்று இருந்தது. புற்று நிழலில் ஒரு முயல் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"சடையன் அண்ணே, தண்ணீர் எங்கே?"

சடையன் வானத்தைப் பார்த்தது. "கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது."

"எப்போது போயிற்று?"

"மலையில் மண் சரிந்த வருஷம்."

"அது ஒன்பது வருஷம் ஆயிற்றே!"

"ஆமாம். திரும்பி வந்தால் நாம் தயாராக இருக்க வேண்டாமா?"

ஓடை நகர்ந்தது ஒன்பது வருஷமாக யாருக்குமே தெரியாதா என்று கேட்காதீர்கள். மண் சரிந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டணத்துக்காரர்கள் குடிப்பது சுனைத் தண்ணீர். ஓடைப் பக்கம் யாருக்கும் வேலை இல்லை. வருஷா வருஷம் ஒரு குழாய் கூட்டினார்களே தவிர, எழுந்து வந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேலம்மாள் மட்டும் ஒன்பது வருஷத்துக் குழாயை எண்ணி விரலை மடக்கிக்கொண்டே நடந்தது. பாலத்தின் கடைசி மூங்கிலில் நின்றுவிட்டது.

"ஒரு முழுக் களஞ்சியம்! ஒரு முழுக் களஞ்சியத்துத் தானியம் இந்தப் புல்லுக்கு மேலே தொங்குகிறது!"

ஒரு கூப்பிடு தூரம் நடந்த பிறகு உண்மையான ஓடை வந்தது. அதன்மேல் பாலம் இல்லை. பாசி பிடித்த பாறைகள்தான் இருந்தன.

"இதில் எப்படி அந்தப் பக்கம் போவது?" என்றது மயில்.

"நாங்கள் தினமும் போகிற மாதிரிதான் அண்ணே. பார்த்துக் காலை வையுங்கள்" என்றது செவந்தி.

மயிலும் அணிலும் சடையனும் பாறைக்குப் பாறை தாவிப் போய்விட்டன. ஆனால் மயிலின் தோகை தண்ணீரில் நனைந்து துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. கடம்பன் இரண்டு பாறைக்கு நடுவே காலை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றது. வேலம்மாள் நடு ஓடை வரை மெல்ல மெல்ல வந்தது. அங்கே கால் வழுக்கி, தொப்பென்று விழுந்துவிட்டது!

"அக்கா!" என்று கத்தியது செவந்தி.

அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம், அந்தக் கரையில் இருந்து விருந்தாளிகள் ஓடி வந்தார்கள். பாறைக்கு ஒருவராக வரிசையில் நின்றார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷப் பழக்கம். ஒரு கொடி கை மாறிக் கை மாறிப் போயிற்று. கடைசிப் பாறையில் நின்ற குன்றன் அதை வேலம்மாளிடம் வீசியது. அது பற்றிக்கொண்டதும் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள்.

கரையேறிய வேலம்மாள் நடுங்கியபடி குன்றன் மேலேயே சாய்ந்தது. பாவம் குன்றன், தோளில் மூன்று முள் ஏறிவிட்டது.

"ஐயோ, வலிக்கிறதா?"

"பரவாயில்லை அக்கா" என்றது குன்றன், பல்லைக் கடித்துக்கொண்டு. "பிடுங்கினால் சரியாகிவிடும்."

வேலம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடையைப் பார்த்தது. "கோடையிலேயே இப்படி என்றால், மழை வந்தால் எப்படி உணவு வாங்க வருவீர்கள்?"

"வர மாட்டோம் அக்கா. போன மழையில் பதினொரு நாள் வரவில்லை."

"அந்தப் பதினொரு நாள் என்ன சாப்பிட்டீர்கள்?"

பக்கத்தில் நின்ற மொச்சை முந்திக்கொண்டு சொன்னது. "புல் வேர் சாப்பிட்டோம். கசப்பாக இருந்தது."

வேலம்மாளின் முகம் சுருங்கிவிட்டது.

"அந்தப் பதினொரு நாளும் நீங்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவே இல்லை. மீதம் என்று சொல்லி அதைத் திரும்பக் களஞ்சியத்தில் கொட்டினேன். இவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று சபையில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்."

"விடுங்கள் அக்கா. உங்களுக்குத் தெரியாது" என்றது செவந்தி. "கிழங்கு ஆறிப் போகிறது, வாருங்கள்."

பாறையில் இலை போட்டிருந்தது. வெந்த கிழங்கு, நாவல்பழம், தேன். கூடவே தினை மாவில் பிடித்த உருண்டை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தத் தினை பட்டணத்துக் களஞ்சியத்தில் இருந்து வந்ததில்லை. ஓடை ஒதுக்கிவிட்டுப் போன வண்டலில் விருந்தாளிகள் விதைத்தது. அதுதான் முதல் விளைச்சல்.

கடம்பன் ஒரு உருண்டையை வாயில் போட்டது. மெல்லாமல் சடையன் பக்கம் திரும்பியது.

"சடையா," என்றது கடம்பன், "உனக்கு இது தெரியும்தானே?"

சடையன் கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்தது.

"தெரியும் அண்ணே. ஒன்பது வருஷமாகத் தெரியும். தண்ணீர் இல்லை என்று சொன்னால் பாலம் எதற்கு என்பீர்கள். பாலம் வேண்டாம் என்றால் சடையன் எதற்கு என்பீர்கள். எனக்கு வேறு வேலை தெரியாது. அந்தப் பயத்தில் வருஷா வருஷம் கொடியை மாற்றிக்கொண்டே இருந்தேன்."

"நீங்கள் எதற்கு என்றா கேட்கிறீர்கள்?" என்றது செவந்தி. "அப்படியொரு பாலம் கட்டத் தெரிந்த கை இந்தக் காட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?"

அதற்கு மேல் செவந்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளி கேட்கக் கூடாதே!

கேட்க வேண்டியதும் இருக்கவில்லை. சடையன் எழுந்து ஓடைக்கரைக்குப் போயிற்று. இந்தக் கரையில் நின்று அந்தக் கரையைப் பார்த்தது. ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தது.

"பழைய பாலத்தை அவிழ்த்து இங்கே கட்டிவிடலாம். கொடியும் மூங்கிலும் புதுசாக இருக்கின்றன. பதினைந்து நாள் போதும். மழைக்கு இருபது நாள் இருக்கிறது. ஆனால் பத்துப் பதினைந்து பேர் கை கொடுக்க வேண்டும். அவர்களுக்குக் குழாய்?"

"ஆடுகளத்துக்கு என்று வைத்த முப்பத்தொன்று இருக்கிறது" என்றது வேலம்மாள்.

மயில் துள்ளி எழுந்தது. நனைந்த தோகையை விரிக்கப் பார்த்தது. விரியவில்லை. "ஆடுகளத்தில் கை வைத்தால் நான் இந்த வருஷம் ஆட மாட்டேன்! நான் ஆடாவிட்டால் மழையே வராது, பார்த்துக்கொள்ளுங்கள்!"

"நீ ஆடுவதால் மழை வரவில்லை அண்ணே. மழை வருவதால்தான் நீ ஆடுகிறாய்" என்றது அணில்.

"கடம்பண்ணே, நீங்களே சொல்லுங்கள்! போன வருஷத்துக்கு மேல் ஒரு குழாய். வழக்கமா இல்லையா? எனக்கு முப்பத்தொன்று உண்டா இல்லையா?"

எல்லோரும் கடம்பனைப் பார்த்தார்கள். கடம்பன் ஓடையைப் பார்த்தது. பாறை ஓரத்தில் நின்ற மொச்சையின் குச்சிக் கால்களைப் பார்த்தது.

"முடியாது!" என்றது கடம்பன்.

அந்தச் சத்தத்தில் மரத்தில் இருந்த கிளிகள் எல்லாம் பறந்துவிட்டன. கடம்பனே ஒரு அடி பின்னால் போயிற்று. அத்தனை வயசில் அது அந்தச் சொல்லைச் சொன்னது அன்றைக்குத்தான்.

பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னது: "கோபித்துக்கொள்ளாதே தம்பி. ஆடுகளத்துக்கு இந்த வருஷம் ஒன்றுமில்லை. நீ ஆடினால் புல்லில் நின்று பார்க்கிறோம். அழகு உன்னிடம்தானே இருக்கிறது, தரையிலா இருக்கிறது?"

மயில் முறைத்தது. கடைசிச் சொல் மட்டும் அதற்குப் பிடித்திருந்தது. "அதுவும் சரிதான்" என்று உட்கார்ந்து இன்னொரு உருண்டையை எடுத்துக்கொண்டது.

பங்கீட்டுக் கூட்டம் அந்தப் பாறையிலேயே நடந்தது. வெயில் தாழ்கிற வரைக்கும் நடந்தது. ஒவ்வொரு வேலையாக எடுத்து, "இது இப்போது யாருக்கு வேண்டும்?" என்று கேட்டார்கள். சில வேலைகளுக்குப் பதில் வந்தது. சிலவற்றுக்கு வரவில்லை. சத்தம் போட்டுக்கொண்டார்கள். ஆனால் யாருக்கும் பல் உடையவில்லை.

"கொடிப் பாலம் மூன்று மழைக்கு மேல் தாங்காது" என்றது சடையன். "இந்தக் கரையில் ஆலமரம் நிற்கிறது. அதன் விழுதுகளைப் பிளந்த மூங்கிலுக்குள் விட்டு அந்தக் கரைக்கு நடத்தினால், வேரே பாலமாகிவிடும். அவிழாது, அழுகாது. வருஷம் ஆக ஆகப் பலம் கூடும். ஆனால் பதினைந்து மழை பொறுக்க வேண்டும்."

"பதினைந்து மழையா! அதற்குள் நான் கிழவனாகிவிடுவேன்!" என்றது அணில்.

"கிழவனானால் தாவ முடியாது. அப்போதுதான் உனக்குப் பாலம் வேண்டும். வருஷத்துக்கு ஐந்து குழாய் கொடுங்கள், போதும்."

"பதினைந்து மழைக்குள் ஓடை மறுபடியும் நகர்ந்துவிட்டால்?" என்று கேட்டது வேலம்மாள்.

இதற்குக் குன்றன் பதில் சொன்னது. "எங்கள் பழைய காட்டில் கரை நெடுக மூங்கிலும் நாணலும் வைத்திருந்தோம் அக்கா. மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஓடை சுலபத்தில் நகராது. நாங்கள் நட்டுத் தருகிறோம்."

"நட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. இனி வருஷா வருஷம் பங்கீட்டுக்கு முந்தின நாள் சபை முழுக்கப் பட்டணத்தைச் சுற்றி நடக்க வேண்டும். பார்த்த பிறகுதான் குழாய்" என்றது கடம்பன்.

"இன்னொன்று. முந்நூற்றில் முப்பது குழாயை யாரும் தொடக் கூடாது. இனிமேல் வருகிறவர்களுக்கு" என்றது வேலம்மாள்.

"யார் வரப் போகிறார்கள்?" என்றது அணில்.

"மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர்கள் வருவார்கள் என்று உனக்குத் தெரியுமா?"



மறுநாளே வேலை தொடங்கியது. பட்டணத்துக்காரர்கள் ஒரு கரையில் நின்றார்கள், விருந்தாளிகள் இன்னொரு கரையில் நின்றார்கள். கடம்பன் மூங்கில் சுமந்தது. மரநாய்கள் கொடியைக் கவ்விக்கொண்டு மரம் ஏறின. சடையன் பகல் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது. "இழு! விடு! அங்கே இல்லை, இங்கே!" வேலை செய்தவர்கள் எல்லாம் அதைத் திட்டினார்கள். ஆனால் ஒன்பது வருஷத்தில் அது அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. மாலையானால் செவந்தியிடம் வந்து, "நீ வந்து கூப்பிட்டாயே, நன்றியம்மா" என்று சொல்லும். "போங்கள் அண்ணே, தினமும் இதே பேச்சா" என்று செவந்தி சிரிக்கும்.

பதினான்காம் நாள் பாலம் முடிந்தது. பதினெட்டாம் நாள் மழை வந்துவிட்டது, சொன்னதற்கு இரண்டு நாள் முன்னதாகவே!

என்ன மழை! மலையே கரைந்து வருகிற மாதிரி ஓடை சிவப்பாக ஓடியது. பாறைகள் எல்லாம் மூழ்கிப் போயின. தாழம்புதர் வேரோடு போயிற்று. ஆனால் மாலையில், எண்பது வீட்டுக் குட்டிகளும் பாலத்தில் வரிசையாக வந்தன. கீழே தண்ணீர் உறும, மேலே அவை சிரித்துக்கொண்டே நடந்தன. மயில் கரையில் புல்லில் நின்று ஆடியது. பார்க்க இரண்டு பக்கமும் கூட்டம்.

அந்த மழையில் ஒரு நாள்கூட யாரும் புல் வேர் தின்னவில்லை.

மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் செவந்தி களஞ்சியத்துக்கு வந்தது. உணவு வாங்குகிற நேரம் இல்லை அது. முதுகில் ஒரு மூங்கில் குழாய் கட்டியிருந்தது. பின்னால் குன்றன், அதன் முதுகிலும் ஒரு குழாய். அதற்குப் பின்னால் முயல்கள், மரநாய்கள் என்று பாலம் வரைக்கும் வரிசை நின்றது.

"என்னம்மா இது?" என்றது வேலம்மாள்.

"வண்டலில் விளைந்த தினை அக்கா. எங்கள் பங்கு."

"விருந்தாளியிடம் எப்படியம்மா வாங்குவது?"

செவந்தி குழாயை இறக்கி வேலம்மாளின் காலடியில் வைத்தது. சபையில் ஒன்றும் கேட்காத அந்தச் சருகுமான், முதல் முறையாக வாய் திறந்து கேட்டது:

"அக்கா, எங்களை இனிமேல் விருந்தாளி என்று சொல்லாதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் என்று சொல்லி, இதை உள்ளே கொட்டிக்கொள்ளுங்கள்."

நீதி: போன வருஷம் கொடுத்தோம் என்பதற்காக எதற்கும் கொடுக்காதே, எழுந்து போய்ப் பார்த்து, இன்றைக்கும் நாளைக்கும் வேண்டியதற்குக் கொடு.